ஆறு டேப், முப்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு மிஸ்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் பிடிபடட்டும். வில்லிவாக்கம் பக்கம் ஒரு நர்சரி பள்ளி, யூகேஜி, முப்பத்திரண்டு பிள்ளைகள், நீங்கள் ஒருவர், கூட ஒரு ஆயாம்மா. கரஸ்பாண்டென்ட் இந்த வருடம் பெரிய டச் போர்டு ஒன்றும் ஆறு டேப்பும் வாங்கி வைத்துவிட்டு, டைம்டேபிளில் தினமும் ஒரு பீரியட் 'கம்ப்யூட்டர்' என்று போட்டுவிட்டார். பெற்றோரில் பாதிப் பேர் "சூப்பர் மிஸ்" என்கிறார்கள், மீதிப் பேர் "வீட்ல போனைப் பிடுங்கறதே பெரும்பாடு, இப்ப ஸ்கூல்லயுமா" என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்வதா, சரி என்பதா, சரி என்றால் ஆறு டேப்பை முப்பத்திரண்டு பேருக்கு எப்படிப் பங்கு வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பங்கு வைக்காதீர்கள். என் பதிலே அதுதான். யூகேஜி வகுப்பில் கம்ப்யூட்டர் முதலில் வர வேண்டியது மிஸ் கைக்கு. பிள்ளைகள் கைக்கு வருவது அப்புறம், அதுவும் கொஞ்சமாக, ஒரு காரியத்துக்காக. 'எல்லாருக்கும் தலா பத்து நிமிஷம்' என்று ஆரம்பித்தீர்களோ, ஒரு மாதத்தில் அந்த டேப் உங்கள் வகுப்பின் இரண்டாவது ஆயாம்மா ஆகிவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் எல்கேஜி, யூகேஜி எடுத்தவள் நான், பெரம்பூரில் தொடங்கி மேற்கு மாம்பலம், அப்புறம் ஓஎம்ஆர் பக்கம்; இப்போது டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்; உங்கள் நிலைமையில் நானும் நின்றிருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இதே மாதிரி எட்டு டேப் வந்து இறங்கியது. எண்கள் கற்றுத்தரும் ஆப் ஒன்று அதில் இருந்தது. திரையில் மூன்று மாம்பழம் வரும், கீழே நாலு எண்கள், சரியானதைத் தொட்டால் கைதட்டலும் நட்சத்திரமும், தப்பாகத் தொட்டால் ஒரு தவளை 'டொய்ங்' என்று வழுக்கி விழும். முதல் வாரம் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி. பிரின்சிபால் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பூரித்துப் போனார், பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்து ஒரு பையன் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அவன் வேண்டுமென்றே தப்பாகத் தொட்டுக்கொண்டிருக்கிறான், தவளை விழுவதைப் பார்க்க. நட்சத்திரத்தைவிடத் தவளை நன்றாக இருக்கிறதே, அவன் மேல் என்ன தப்பு? பக்கத்தில் இருந்த பெண் வேறு வழி கண்டுபிடித்திருந்தாள். இடமிருந்து வலமாக நாலு எண்ணையும் கடகடவென்று தட்டிவிடுவாள், ஏதாவது ஒன்று சரியாகத்தானே இருக்கும். ஆப் கொடுத்த ரிப்போர்ட்டில் அவளுக்கு ஏகப்பட்ட நட்சத்திரம். மதியம் அவள் டிபன் டப்பாவைத் திறந்து "எத்தனை இட்லி இருக்கு பாப்பா" என்று கேட்டேன். மூன்று இட்லி இருந்தது. விரல் ஒரு பக்கம் ஓடுகிறது, வாய் ஒரு பக்கம் ஓடுகிறது, ஓர் இட்லியை இரண்டு தடவை தொட்டுவிட்டு "அஞ்சு" என்றாள்.

எண்ணுவது என்றால் என்ன என்பது அந்த டப்பாவில் இருக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரு சொல், விரலும் வாயும் சேர்ந்து நகர வேண்டும், கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம் என்று புரிய வேண்டும். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லாங்குழியில் போடும்போது கை தப்பினால் உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் கொட்டை கையில் மிச்சம் இருக்கும். திரையில் மாம்பழம் மிச்சம் இருக்காது. அப்புறம் அந்த அமைதி. யூகேஜி வகுப்பு அரை மணி நேரம் அமைதியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அந்த வயதில் பேச்சுதான் படிப்பு.

பேச்சு என்றதும் ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும், நான் பயிற்சி வகுப்பில் எப்போதும் சொல்வது. அமெரிக்காவில் சியாட்டிலில் பட்ரீஷியா கூல் என்பவரின் குழு 2003-ல் வெளியிட்டது. ஒன்பது மாதக் குழந்தைகள், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டவர்கள். ஒரு பகுதியினருக்குச் சீன மொழி பேசும் ஒருவர் நேரில் வந்து, தரையில் கூட உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார், மொத்தம் 12 தடவை. இன்னொரு பகுதியினருக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளை, அந்த மொழி கேட்டே வளரும் தைவான் குழந்தைகள் மாதிரியே பிரித்துக் கேட்டார்கள். டிவியில் பார்த்தவர்களுக்கு ஒன்றுமே ஏறவில்லை, சீனமே கேட்காத குழந்தைகளுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு, 'பார்த்தீர்களா, திரையே விஷம்' என்று. ஆனால் அதே ஆய்வுக்கூடம் 2018-ல் இன்னொன்று வெளியிட்டது: குழந்தை தொட்டால் வீடியோ ஓடும்படி வைத்து, தனியாக ஒரு குழந்தையையும், ஜோடியாக இரண்டு குழந்தைகளையும் விட்டுப் பார்த்தார்கள். கூட இன்னொரு குழந்தை இருந்தபோது அதே வீடியோவிலிருந்து கூடுதலாக ஏறியது. பெரியவர்கள் யாரும் சொல்லித்தரவில்லை, பக்கத்தில் இன்னொரு வாண்டு இருந்தது, அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன், ஆறு டேப் போதாது என்று கவலைப்படாதீர்கள், ஆறு டேப் அதிகம். இரண்டு போதும். மீதி நாலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஒரு டேப்பைச் சுற்றி மூன்று பிள்ளைகள் உட்கார்ந்தால் சண்டை வரும், "நான்தான், நான்தான்" என்று இழுப்பார்கள், அப்புறம் ஒருவன் பிடித்துக்கொள்ள ஒருத்தி தொட ஒருவன் கட்டளை போட என்று தானாகவே வேலை பிரியும். அந்தச் சண்டையும் பேச்சும்தான் உங்களுக்கு வேண்டியது. தலைக்கு ஒரு டேப் கொடுக்கும் பள்ளிகளைப் பார்த்து ஏங்காதீர்கள், அங்கே முப்பது பிள்ளைகள் முப்பது தனித்தீவில் இருக்கிறார்கள்.

அடுத்தது எழுத்து. உங்கள் டேப்பில் கட்டாயம் ஒரு ட்ரேசிங் ஆப் இருக்கும், புள்ளிக்கோட்டில் 'அ' வரும், விரலால் மேலே இழுத்தால் கலர் நிரம்பும். இதில்தான் எனக்குக் கோபமே வரும். பலவற்றில் எங்கே தொடங்கினாலும், எந்தப் பக்கம் இழுத்தாலும் கலர் நிரம்பிவிடும். 'அ'வின் சுழியைக் கடைசியில் போட்டாலும் "குட் ஜாப்". அப்படிப் பழகிய பிள்ளை பென்சில் பிடிக்கும்போது 'இ' எழுதத் தெரியாமல் 'இ' வரைகிறது. வரைந்த எழுத்து மெதுவாகத்தான் வரும், இரண்டாம் வகுப்பில் டிக்டேஷன் சொல்லும்போது மாட்டிக்கொள்ளும். இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் என்பவர் 2012-ல் ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தார். இன்னும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள். சில எழுத்துகளைப் பார்த்துத் தாங்களே எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டில் இழுத்தார்கள், சிலவற்றைக் கீபோர்டில் தட்டினார்கள். பிறகு ஸ்கேனில் வைத்து அந்த எழுத்துகளைக் காட்டியபோது, வாசிக்கும்போது பெரியவர்களுக்கு வேலை செய்யும் மூளைப் பகுதிகள், தாங்களே எழுதிய எழுத்துக்கு விழித்துக்கொண்டன. தட்டியதற்கும் இல்லை, இழுத்ததற்கும் இல்லை. கோணல்மாணலாக, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி, தப்பும் தவறுமாக எழுதுவதில்தான் 'இவ்வளவு கோணினாலும் இது அதே எழுத்து' என்ற அறிவு வருகிறது என்பது அவர் விளக்கம். நம் ஆட்கள் விஜயதசமிக்கு நெல்லில் பிள்ளை விரலைப் பிடித்து எழுத வைப்பது ஒரு நாள் சடங்காக நின்றுவிட்டது, தினமும் செய்திருக்க வேண்டியது. ஒரு பழைய தட்டு, அரை ஆழாக்கு ரவை. டேப் விலையில் எத்தனை வகுப்புக்கு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மணலில் எழுதுவது பழமை, டேப் புதுமை என்று யாராவது பேசினால் அவர்களை எழும்பூருக்கு அனுப்புங்கள். அங்கே ராணுவ அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்று இருந்தது, 1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதற்குப் பொறுப்பாளராக வந்தார். நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டுத் தன் வகுப்பிலும் மணல் தட்டைக் கொண்டுவந்தார். வாத்தியார்கள் ஒத்துழைக்கவில்லை, அதனால் எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் இதை எழுதி வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பிரிட்டன் முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். காகிதமும் சிலேட்டும் காசு, மணல் சும்மா, அழித்து அழித்து எழுதலாம், தப்பு நிற்காது: அந்தக் காலத்தின் டேப் அதுதான். அது வேலை செய்ததற்குக் காரணம் மணல் மட்டும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த எட்டு வயதுப் பையனும்தான்.

நீங்கள் மான்டிசோரி ட்ரெய்னிங் எடுத்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அந்த முறையை உருவாக்கிய மரியா மான்டிசோரி அம்மா 1939-ல் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து, இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்காரர் என்பதால் திரும்பிப் போக முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தவர். அவருடைய உப்புத்தாள் எழுத்தில் விரல் வைத்தால் சொரசொரப்பு இருக்கும், கோட்டை விட்டு விலகினால் வழவழவென்று ஆகிவிடும், தப்பை விரலே சொல்லும். கண்ணாடித் திரை எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு. டேப் விற்க வருகிறவரிடம் இதை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று.

சரி, அப்படியானால் டேப் எதற்குத்தான்?

கேமராவுக்கு. மற்ற எல்லா ஆப்பையும் எடுத்துவிட்டு, கேமராவையும் ஒலிப்பதிவையும் மட்டும் வெளியே வையுங்கள், இரண்டு மாதத்துக்கு அது போதும். ஒரு நாள் எங்கள் வகுப்பு ஜன்னல் ஓரம் எறும்பு வரிசை. ஒரு பருக்கையை நாலைந்து எறும்பு தூக்கிக்கொண்டு போகிறது. முப்பது பிள்ளைகள் குனிந்தால் எறும்பு மிதிபட்டே செத்துப்போகும். ஒரு டேப்பைத் தரையில் சாய்த்து வைத்துக் கொஞ்ச நேரம் வீடியோ எடுத்தோம், அப்புறம் பெரிய திரையில் போட்டோம், மெதுவாக ஓடவிட்டு. ஒரு இடத்தில் எறும்பு ஒன்று பருக்கையை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. "மிஸ், அது மட்டும் ஏன் வேற பக்கம் போகுது?" எனக்குத் தெரியாது. "அதுக்கு வீடு வேற தெருவுல இருக்கும்" என்றான் ஒருவன். "இல்ல, அது திருடன் எறும்பு" என்றாள் இன்னொருத்தி. அன்று முழுக்க வேறு பாடம் நடக்கவில்லை. மறுநாள் அவர்களே சர்க்கரை ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம் வைத்துப் படம் எடுக்கக் கிளம்பினார்கள். இதில் திரை பார்த்த நேரம் பத்து நிமிடம் கூட இருக்காது, பேசியது ஒரு வாரம்.

ஒலிப்பதிவு இன்னும் சுலபம். ஒரு பிள்ளை கதை சொல்லட்டும், பதிவு செய்து திருப்பிப் போட்டுக் காட்டுங்கள். முதல் தடவை எல்லாப் பிள்ளையும் "இது நான் இல்ல" என்றுதான் சொல்லும். மூன்றாம் தடவை, "மிஸ், 'அப்புறம் அப்புறம்'னு நிறைய சொல்லிட்டேன், அழிச்சிட்டு மறுபடி சொல்றேன்" என்று ஒரு பெண் கேட்டாள். ஐந்து வயதில் தன் கதையைத் தானே திருத்துகிறாள், எழுதத் தெரிவதற்கு முன்னாலேயே. உங்களுக்கும் லாபம் உண்டு: ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று என்று அதே பிள்ளையின் குரலை வைத்திருந்தால், பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க் ஷீட் நீட்ட வேண்டாம், போட்டுக் காட்டினால் போதும். 'ழ' எப்போது வந்தது, வாக்கியம் எப்போது நீண்டது என்று அம்மாவுக்கே காதில் விழும். கம்ப்யூட்டர் முதலில் மிஸ் கைக்கு என்று சொன்னது இதைத்தான்.

பெரிய போர்டில் கதைப் புத்தகம் போடுங்கள். முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது கையில் இருக்கும் சின்னப் புத்தகத்தின் படம் பின்வரிசைக்குத் தெரியாது, அதற்குப் போர்டு உண்மையிலேயே வரம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015-லிருந்து தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கி வைத்துக்கொள்ளலாம், வகுப்பில் காட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் நீங்கள் வாசியுங்கள், மெஷினை வாசிக்க விடாதீர்கள். நீங்கள் நிறுத்துவீர்கள், "அடுத்து என்ன ஆகும்" என்று கேட்பீர்கள், தூங்குகிறவனை எழுப்புவீர்கள். அது நிறுத்தாது. சென்னைப் பிள்ளைகள் நேரில் பார்த்திராத பனியைக் காட்டிக்கொண்டிருக்கும் ரைம்ஸ் வீடியோக்களை வாரத்துக்கு ஒன்றாகச் சுருக்குங்கள். சாப்பாட்டு நேரத்தில் கட்டாயம் அணைத்துவிடுங்கள், 'பார்த்துக்கிட்டே சாப்பிடுதுங்க' என்று ஆயாம்மா கெஞ்சினாலும். அப்புறம், போர்டை மாட்டிய உயரத்தைப் பார்த்தீர்களா? பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள், பிள்ளை கை எட்டாது. டச் போர்டில் டச் இல்லாவிட்டால் அது வெறும் டிவி. இரண்டடி இறக்கி மாட்டச் சொல்லுங்கள்.

'கோடிங்' என்று உங்கள் பள்ளி நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள் என்றீர்கள். சிரிக்காதீர்கள், அதில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. 1967-ல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞரும் கூட்டாளிகளும் லோகோ என்று பிள்ளைகளுக்காக ஒரு கணினி மொழி உருவாக்கினார்கள். அதில் ஓர் ஆமை, 'முன்னால் போ, வலப்பக்கம் திரும்பு' என்றால் போகும், கோடு போடும். திரையில் மட்டும் இல்லை, தரையில் ஊரும் நிஜமான ரோபோ ஆமையும் இருந்தது. பேப்பர்ட் சொன்னது, ஆமை எப்படிப் போகும் என்று தெரியாவிட்டால் பிள்ளை தானே ஆமையாகி நடந்து பார்க்கலாம் என்று. அப்படியானால் நமக்கு ஆமை எதற்கு, பிள்ளைதான் இருக்கிறதே? சாக்பீஸை எடுத்து மொட்டைமாடியில் பாண்டிக் கட்டம் மாதிரி நாலுக்கு நாலு கட்டம் போடுங்கள். ஒரு பிள்ளை ஆமை, சொன்னதை மட்டும்தான் செய்ய வேண்டும், சொந்த மூளை கூடாது. இன்னொருவர் அதைத் தண்ணீர்க் குடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். "நேரா போ" என்றதும் ஆமை நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்று கால் ஆட்டிக்கொண்டே இருந்தது எங்கள் வகுப்பில், ஏனென்றால் எத்தனை கட்டம் என்று சொல்லவில்லை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்தவன் "ரெண்டு கட்டம் போ, நில்லு" என்றான். இதுதான் கோடிங், இதற்குமேல் யூகேஜியில் ஒன்றும் இல்லை. எதிரே நிற்கிறவனுக்கு வலது எது, எனக்கு வலது எது என்ற குழப்பம் மட்டும் தீர மூன்று நாள் ஆகும், ஆகட்டும். மூன்றாவது டேர்மில் ஆசை இருந்தால் ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற கோடிங் ஆப் போடுங்கள், அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்ஐடியும் சேர்ந்து 2014-ல் வெளியிட்டது, 5 முதல் 7 வயதுக்கு, இலவசம், கட்டளைகள் எல்லாம் படமாக இருப்பதால் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. மூன்று மூன்று பேராக, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது.

நேரக் கணக்கு கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, 2 வயதிலிருந்து 4 வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2 முதல் 5 வயதுக்கு அதே ஒரு மணி நேரம்தான் சொல்கிறது, அதையும் பெரியவர் கூட இருந்து. இது நாள் முழுக்கச் சேர்த்து. பிள்ளை காலையில் பால் குடிக்கும்போது, வேனில் அண்ணன் போனை எட்டிப்பார்க்கும்போது, ராத்திரி சாப்பிடும்போது என்று அந்த ஒரு மணி நேரத்தை வீட்டிலேயே செலவழித்துவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. உங்கள் பங்கு என்ன மிச்சம்? கொரோனா சமயத்தில்கூட, 2020 ஜூலையில் மத்திய அரசு ஆன்லைன் வகுப்புக்குப் போட்ட நெறிமுறையில் மழலையர் வகுப்புக்கு நாளுக்கு 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் இருந்தது, அதையும் முக்கியமாகப் பெற்றோரிடம் பேசுவதற்காக. அதை யார் மதித்தார்கள் என்பது வேறு கதை. 2022-ல் பிள்ளைகள் நேரில் வந்த புதிதில் நான் தண்ணீர் குடித்துவிட்டுச் சற்று பேசாமல் நின்றேன், ஒரு பையன் "மிஸ், நீங்க மியூட்ல இருக்கீங்க" என்றான்.

கண்ணுக்கும் ஒன்று. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, வெளியே விடாத பள்ளிகளில் 39.5. 2015-ல் வெளிவந்த ஆய்வு. மைதானம் இல்லாத பள்ளி என்று எனக்குத் தெரியும், சென்னையில் எத்தனை நர்சரிக்கு மைதானம் இருக்கிறது? மொட்டைமாடியில் ஒரு பந்தல் போட்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒன்பது மணிக்கே அழைத்துப் போங்கள். 'கம்ப்யூட்டர்' பீரியடில் அழைத்துப் போனால்தான் என்ன, ஆமை விளையாட்டு கம்ப்யூட்டர்தானே.

இதுவரை சொன்னதெல்லாம் செல்லாத ஓர் இடம் உண்டு. முப்பத்திரண்டு பேரில் ஒரு பையன் இன்னும் பேசவில்லை, ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அவனுக்கு 'டேப் கொஞ்சமாக' என்ற என் பேச்சே பொருந்தாது. பேச்சு வராத பிள்ளைக்கு டேப் வாய் மாதிரி. அவாஸ் என்ற ஆப் நம்ம சென்னையில் பிறந்தது. அஜித் நாராயணன் என்ற ஐஐடி மெட்ராஸ் முன்னாள் மாணவர், கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக இயங்கும் வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு சேர்ந்து வேலை பார்த்து உருவாக்கியது. படத்தைத் தொட்டால் அது சொல்லைப் பேசும், தமிழிலும் இருக்கிறது. "தண்ணி வேணும்", "வலிக்குது", "வேண்டாம்" என்று ஒரு பிள்ளை முதல் தடவை சொல்வதை நீங்கள் பார்க்க வேண்டும், முக்கியமாக அந்த "வேண்டாம்". அதுவரை கடித்தும் தள்ளியும் சொன்னதை இப்போது தொட்டுச் சொல்கிறான். அலமாரியில் பூட்டச் சொன்ன நாலில் ஒன்றை அவனுக்கென்றே ஒதுக்குங்கள், அவன் எங்கே போனாலும் அது கூடப் போக வேண்டும், சாப்பிடும்போதும், மொட்டைமாடிக்கும், முடிந்தால் வீட்டுக்கும். மற்ற பிள்ளைகள் "அவனுக்கு மட்டும் ஏன்" என்று கேட்பார்கள். "உனக்குக் கண்ணாடி மாதிரி, அவனுக்கு இது" என்றால் அரை நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள், பெரியவர்களுக்குத்தான் நாளாகும். எந்தப் படங்களை வைத்து ஆரம்பிப்பது என்பதை ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் கேட்டுச் செய்யுங்கள், நீங்களாக ஐம்பது படத்தை ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள்.

போட்டோ விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. டேப்பில் எடுத்ததையெல்லாம் வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் கொட்டாதீர்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லாரும் குழந்தைதான், அவர்கள் தகவலைக் கையாள பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பது பொது விதி. பள்ளிக்கு எதில் விலக்கு, எதில் இல்லை என்பதை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஜூனிலேயே ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். இலவச ஆப்பில் பிள்ளையின் முழுப்பெயர், பிறந்தநாள் எதுவும் போட வேண்டாம், 'பிள்ளை 1, பிள்ளை 2' போதும். விளம்பரம் வரும் ஆப்பை வகுப்புக்குள்ளேயே விடாதீர்கள். ஐந்து வயதுக்கு விளம்பரம் எது, விளையாட்டு எது என்று பிரிக்கத் தெரியாது.

கடைசியாகக் கரஸ்பாண்டென்ட். அவரிடம் போய் 'ஆராய்ச்சி சொல்கிறது' என்று ஆரம்பிக்காதீர்கள், காசு போட்டிருக்கிறார், மனசு நோகும். அவருக்கு வேண்டியது அட்மிஷன் சமயத்தில் காட்ட ஒரு விஷயம். தினமும் ஒரு பீரியட் என்பதை வாரத்துக்கு இரண்டாக்கி, அதற்குப் 'ப்ராஜெக்ட்' என்று பெயர் வைக்கிறேன் என்று சொல்லுங்கள், பெயர் மாறினால் அவர் ஒத்துக்கொள்வார். ஆண்டு விழாவில் அந்த எறும்பு வீடியோவைப் பெரிய திரையில், பிள்ளைகள் குரலிலேயே வர்ணனையோடு போடுங்கள். பேசாமல் இருக்கும் பையனின் அம்மாவிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால், "வணக்கம்" என்று அவன் தொட்டுச் சொல்வதோடு விழாவைத் தொடங்குங்கள். எந்தப் பள்ளி நோட்டீஸிலும் அது இருக்காது. ஆமாம், டேப்புக்கு முதல் நாளே தடிமனான ரப்பர் உறை வாங்கித் தரச் சொல்லிவிடுங்கள், எங்கள் எட்டில் மூன்று முதல் டேர்மிலேயே விழுந்து உடைந்தன, அதில் ஒன்று என் கையிலிருந்து.